ரொட்டி பிய்க்கும் மஸ்தூரா

எங்கள் ஊர்ச் சிறைக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிற மாதிரி மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். தேன் ஜாடி, வறுத்த ஆட்டுக்கறி, முழுத் தர்பூசணி, வண்ணக் காகிதம் சுற்றிய மிட்டாய். அதில் பாதி உள்ளே போகாது. போகாததைத் திருப்பிக் கையில் கொடுக்கிறவள், சாமான் வாங்கும் ஜன்னலில் இருக்கிற மஸ்தூரா. அதனால் முதல் நாள் அவளைத் திட்டாதவர்கள் ஊரில் குறைவு.

"இது வெறும் தர்பூசணிம்மா!" என்று ஒருவர் கத்துவார்.

"வெறும் தர்பூசணின்னா வீட்டுல வச்சு வெட்டிச் சாப்பிடுங்க. ஒரு மகராசன் இதுல ஊசி போட்டு வோட்கா ஏத்திக் கொண்டாந்தான். வாசல்ல நின்ன காவல்காரனுக்கு வாசனையிலயே கிறுகிறுத்துப் போச்சு."

வரிசையே சிரிக்கும். திட்டியவரும் சிரித்துவிடுவார். அப்புறம் மஸ்தூரா ஜன்னலில் முழங்கையை ஊன்றி, என்ன கொண்டுவர வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லுவாள். "சோப்பு, கம்பளிக் காலுறை, ரப்பர் செருப்பு. இடுப்பு வாரு வேணாம், கயிறு வச்ச ஷூ வேணாம். டீத்தூளை உள்ள இருக்கிறது தெரியுற பையில கொட்டிக் கொண்டாங்க. மிட்டாய்க் காகிதத்தை நீங்களே பிரிச்சிருங்க. சர்க்கரையும் உலர்ந்த பழமும் ஒண்ணா வேணாம், உள்ள ஊறப்போட்டு சாராயம் காய்ச்சிருவானுங்க, நம்ம பசங்க கெட்டிக்காரங்க."

மகனையோ புருஷனையோ பார்க்க உள்ளே போகிறவர்களை நிறுத்தி இன்னொன்றும் சொல்லுவாள். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பான், தொட முடியாது. போன்லதான் பேசணும். 'ஏன்டா இப்படி இளைச்சுட்டே'ன்னு மட்டும் ஆரம்பிச்சிராதீங்க. இளைச்சது அவனுக்கே தெரியும். ஆடு குட்டி போட்டதைச் சொல்லுங்க, பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லுங்க. அதை வச்சே ஒரு வாரம் ஓட்டிருவான்."

புதிதாக அடைக்கப்படுகிறவனுக்கும் அவளிடம் சொல்ல ஏதாவது இருக்கும். "முதல் ராத்திரி தூக்கம் வராது தம்பி, யாருக்கும் வராது, வெக்கப்படாதே. அறைக்குள்ள போனதும் சலாம் சொல்லு. எந்தப் படுக்கை காலின்னு கேட்டுட்டு உட்காரு. கேக்காம உட்காராதே." இதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எந்தச் சட்டமும் இல்லை. சம்பளத்தில் இதற்குப் பங்கும் இல்லை.

அவள் பிறவிக் காவல்காரியும் இல்லை. ஊர் எல்லையில் பழம் டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அங்கே டின்களைத் தட்டிப் பார்க்கும் வேலை செய்தாள். தொழிற்சாலை மூடியது. புருஷன் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தான். இரண்டு பெண் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். சிறையில் பெண் ஊழியர் தேவை என்றார்கள், வேலைக்குச் சேர்ந்தாள். "நேத்துவரைக்கும் டின்னை மூடினா, இன்னைக்கு மனுசனை மூடுறா" என்று சந்தையில் கேலி பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்கு முன்பு அந்த ஜன்னலில் இருந்தவன் ரொட்டியைக் கத்தியால் கிழித்துச் சோதிப்பான். எங்கள் பெர்கானாப் பள்ளத்தாக்கில் ரொட்டி மேல் கத்தி வைப்பது பெற்றவள் மேல் கை வைப்பதற்குச் சமம். வரிசையில் நிற்கும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மஸ்தூரா வந்த முதல் நாளே கத்தியை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டாள். கையைக் கழுவினாள், பிஸ்மில்லா சொன்னாள், ஒவ்வொரு ரொட்டியையும் ஓரத்தில் கையால் பிய்த்து விரலை விட்டுப் பார்த்தாள். வேலை இரண்டு மடங்கு ஆனது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஜன்னலில் கத்தி வெளியே வரவில்லை.

ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது ரொட்டி இல்லை, வாய். அவள் பொய் சொல்ல மாட்டாள். மற்ற ஊழியர்களிடம் "என் மகன் எப்படி இருக்கான்?" என்று கேட்டால், "நல்லா இருக்கான், போங்க" என்பார்கள். மருத்துவமனையில் படுத்திருப்பவனும் அவர்கள் கணக்கில் நல்லாத்தான் இருப்பான். மஸ்தூராவோ முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். "காய்ச்சல். மாத்திரை குடுத்திருக்கு." "நேத்து அழுதான்." "உங்க மேல கோவமா இருக்கான்." முதலில் கல் நெஞ்சுக்காரி என்றார்கள். நாளாக நாளாகத்தான் புரிந்தது. அவள் "நல்லா இருக்கான்" என்று சொன்ன நாளில் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இனோயத் என்ற பெண்ணும் அப்படி நம்பித்தான் வாராவாரம் வந்துகொண்டிருந்தாள். ஆற்றங்கரைக் கிராமம், வேறு துணை இல்லாதவள், ஒரே மகன் அஸ்லித்தீன். பருத்தி அறுவடையின்போது ஓய்வில்லாமல் லாரி ஓட்டி, கண் அசந்து, சைக்கிளில் போன ஒரு வயதான பள்ளிக்கூடக் காவலாளியை அடித்துவிட்டான். அந்த மனிதர் பிழைக்கவில்லை. அஸ்லித்தீன் ஓடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ரோட்டிலிருந்தே அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

தாயை அரித்தது அதுதான். எங்களில் யார் தூரப் பயணம் கிளம்பினாலும், பட்டாளத்துக்குப் போனாலும், வாசலைத் தாண்டுமுன் தாய் ஒரு ரொட்டியை நீட்டுவாள். போகிறவன் ஒரு கடி கடிப்பான். மிச்ச ரொட்டியைச் சுவரில் மாட்டி வைப்பாள். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது, பிய்க்கக்கூடாது. மிச்சத்தைத் தின்ன அவன் வந்தாக வேண்டும். வராமல் இருக்க முடியாது. அஸ்லித்தீன் வீட்டு வாசலிலிருந்து போகவில்லை, ரோட்டிலிருந்து போனான். இனோயத்தின் சுவர் காலியாக இருந்தது.

மார்ச் மாதம் தீர்ப்பு வந்துவிட்டது. இனி அவனைப் பாலைவனத்துப் பெரிய சிறைக்கு ரயிலில் அனுப்புவார்கள். என்றைக்கு என்று வெளியே சொல்லக்கூடாது. ஜன்னலில் சாமானை வாங்கிக்கொண்டபோது, வழக்கமாக "அடுத்த வாரம் வாங்க" என்கிற மஸ்தூரா அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. தேதியையும் சொல்லவில்லை. சும்மா சாமானைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனோயத்துக்குப் புரிந்துவிட்டது. துணிக்குள்ளிருந்து இன்னொரு ரொட்டியை எடுத்தாள். காலையில் சுட்டது, மேலே கருஞ்சீரகம் தூவியது.

"தங்கச்சி, இதை அவன் கடிக்கணும். கடிச்சதை நீ எனக்குத் திருப்பிக் கொண்டாந்து குடுக்கணும்."

"அக்கா, உள்ள போனது எதுவும் வெளிய வராது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். வேற எதையாவது கேட்டேனா நான் உன்கிட்ட? குளிர்காலம் பூரா ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. மஸ்தூராவிடம் யார் பருப்பும் வேகாது என்பதும் ஊருக்கே தெரியும். அவள் ஓரத்தில் கொஞ்சம் பிய்த்துச் சோதித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கைதி வேணாம்னு சொன்ன பொருளைக் கொடுத்தவங்ககிட்டயே திருப்பிக் குடுக்கணும்னு ஒரு விதி இருக்கு. நான் கேட்டுப் பார்க்கிறேன். அவன் என்ன செய்றானோ அதைத்தான் வந்து சொல்வேன். உக்காருங்க."

அவளுக்கு உள்ளுக்குள் பயம்தான். வேலை போனால் அந்த வயதில் வேறு வேலை கிடையாது, சின்னப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணமும் ஆகவில்லை. இருந்தாலும் போனாள். அவளை நாங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொள்வது சும்மா இல்லை.

அஸ்லித்தீன் சாமான் வாங்கும் சிறு அறைக்கு வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். ரொட்டியைப் பார்த்தான், விஷயத்தைக் கேட்டான், ஒரு அடி பின்னால் போனான்.

"வேணாம்க்கா. எடுத்துட்டுப் போயிருங்க."

"ஏன்?"

"அந்தப் பெரியவரும் வீட்டுக்குப் போகணும்னுதான் சைக்கிள் மிதிச்சாரு. அவரு போய்ச் சேரலை. நான் மட்டும் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு திரும்பி வர்றது? வேணாம்."

இதற்குத் தீர்ப்புச் சொல்ல மஸ்தூரா நீதிபதியும் இல்லை, மௌலவியும் இல்லை.

"வெளிய உங்கம்மா உக்காந்திருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீங்க ஒரு கடி கடிச்சுக் குடுத்துருங்கக்கா. அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவங்க நிம்மதியா இருக்கட்டும்."

எவ்வளவு சுலபம்! ஒரு கடி. கேட்க ஆள் இல்லை, பார்க்க ஆள் இல்லை. வேறு யாராக இருந்தாலும், இதைச் சொல்கிற நான்கூட, கடித்துக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருப்பேன்.

"என் பல்லுக்காக அந்த வீட்டுல யாரும் காத்திருக்கலைடா" என்றாள் மஸ்தூரா. "கடிக்கலைன்னா கடிக்கலைன்னுதான் சொல்வேன். வேணாம்னு சொன்னான்னு சொல்வேன்."

"சொல்லாதீங்கக்கா!"

"சொல்லுவேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தத் துணி தேடினாள், கையிலிருந்த ரொட்டியைக் கம்பி இடைவெளியில் இருந்த பலகையில் வைத்தாள். கவிழ்த்து வைத்துவிட்டாள். முகம் கீழே, முதுகு மேலே. எங்களில் குழந்தைகூட ரொட்டியை அப்படி வைக்காது. அவள் வேண்டுமென்று செய்தாள் என்று சிலர் சொல்கிறார்கள். கேட்டால் "கை தவறிருச்சு" என்கிறாள். அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பதால் நாங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

அஸ்லித்தீனுக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, அக்கா!" என்று பதறி இரண்டு கையாலும் ரொட்டியை எடுத்து நிமிர்த்தினான். பழக்கத்தில் உதட்டில் வைத்தான், நெற்றியில் ஒற்றினான். அதற்குள் வீட்டு அடுப்பு வாசனை அவன் மூக்கில் ஏறிவிட்டது. கையில் எடுத்த ரொட்டியை ருசி பார்க்காமல் கீழே வைக்கிற பழக்கமும் எங்களுக்கு இல்லை. அவன் நின்ற இடத்திலேயே குனிந்து, தோள் குலுங்க, ஒரு வாய் கடித்தான். விழுங்க முடியாமல் வெகுநேரம் மென்றான். பிறகு இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

வெளி வாசலில் மேஜர் கம்பரோவ் நின்றிருந்தார். சிறையின் தலைமை அவர்தான்.

"என்னம்மா அது?"

"கைதி வேணாம்னு சொன்ன பொருள் ஐயா. கொடுத்தவங்ககிட்ட போகுது."

"வேணாம்னு சொன்னவன் பல்லு பட்டிருக்கே?"

"வேணாம்னு ரெண்டு வாட்டி சொன்னான். அப்புறம் கடிச்சான். ரெண்டும் நடந்துச்சு ஐயா. தப்புன்னா என் மேல எழுதுங்க."

மேஜர் ரொட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளிய போற பொருளையும் சோதிக்கணும். பிய்ச்சுப் பாரு."

"உள்ள போறதைப் பிய்க்கிறது என் வேலை. வெளிய போறதைச் சோதிக்க வேண்டியது வாசல் காவல்."

வாசல் காவலர்கள் இரண்டு பேர். ஒருவன் "எனக்குக் கை அழுக்கு" என்றான். இன்னொருவன் "நான் புது ஆள் ஐயா" என்றான், அங்கே வேலைக்குச் சேர்ந்து அவனுக்கு நரையே வந்திருந்தது. ஊரான் பிள்ளை திரும்பி வருகிற வழியைப் பிய்க்க யாருக்குக் கை வரும்? பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எல்லோரும் மேஜரைப் பார்த்தார்கள்.

மேஜர் பெருமூச்சு விட்டு ரொட்டியை வாங்கினார். இரண்டு கையில் ஏந்தி எடை பார்த்தார். காதருகில் வைத்து விரலால் தட்டினார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து நடுவிலிருந்த மெல்லிய பகுதியை உற்றுப் பார்த்தார்.

"சோதிச்சாச்சு" என்றார். "எங்கம்மா என் ரொட்டியை எலி தின்னாம இருக்க ஆணியில உயரமா மாட்டி வச்சிருந்தாங்க. அந்தம்மாகிட்ட சொல்லு." சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

இனோயத் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். வெளியே வந்த மஸ்தூராவிடமிருந்து ரொட்டியை வாங்கினாள். கடித்த இடத்தைத் தொடாமல் அதன் மேல் விரலை மட்டும் நகர்த்தினாள்.

"அவனே கடிச்சானா?"

இங்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லி முடித்திருக்கலாம். மஸ்தூரா முடிக்கவில்லை.

"முதல்ல வேணாம்னுட்டான் அக்கா. செத்துப்போன பெரியவரை நெனச்சு, நான் எந்த மூஞ்சியோட திரும்பி வருவேன்னு அழுதான். உங்களை ஏமாத்த என்னையே கடிச்சுக் குடுக்கச் சொன்னான். நான் மாட்டேன்னுட்டேன். அப்புறம்தான் கடிச்சான்."

இனோயத்தின் கண்ணீர் ரொட்டியில் விழாமல் இருக்க அவள் அதைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கொண்டுவந்த துணியில் அதைச் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டாள்.

"வேணாம்னு சொன்னதை நீ மறைச்சிருந்தா, இந்தக் கடியை நான் வாழ்நாள் பூரா சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்திருப்பேன், தங்கச்சி" என்றாள். "இப்ப நம்புறேன், வருவான்."