பலகைத் தரையில் ஒரு துளை

கண்ணாடி வெட்டும் கருவியில் தொட்ட மண்ணெண்ணெயின் வாசம் இன்று கோபத்திலும் என் மூக்கில் ஏறி, கட்டுகஸ்தோட்டையில் இடித்துவிட்ட அப்பாவின் பழைய கடைக்கே என்னை இழுத்துப் போனது. மேலே அப்பாவும் வாடிக்கையாளரும் நிற்க, கீழே கடையில் வேலை பார்த்த செல்வம் அண்ணன் கண்ணாடி வெட்ட, நடுவே பலகைத் தரையில் ஒரு துளை. அப்பா குனிந்து அளவைக் கத்துவார், அண்ணன் அதையே கீழிருந்து திருப்பிக் கத்துவார், பிழையென்றால் வந்தவரே, "அது இல்லங்க" என்று திருத்துவார், அதற்குப் பிறகுதான் கண்ணாடியில் கீறும் சத்தம் கேட்கும். பள்ளிச் சிநேகிதர்கள் முன்னால் அந்தக் கூச்சல் எனக்கு வெட்கமாக இருக்கும்.

இன்று மடவளையிலிருந்து வந்தவர், வெட்டி வைத்த ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து, "நான் பதினெட்டு அங்குலம்னுதானே சொன்னேன், தம்பி?" என்றார். கண்ணாடி பதினாறு. இனி அதை ஒட்டவா முடியும்? திட்டுவதற்காகப் புதுக் கடையின் கீழ்த்தளப் பட்டறைக்கு இறங்கினேன். வெட்டியவர் போனை நீட்டினார்.

"நீங்க போட்டதத்தான் வெட்டினோம், முதலாளி."

கடையின் வாட்ஸ்அப் குழுவில் நான் தட்டிய பதினாறு. அதன் கீழே, சரி என்று மூன்று கட்டைவிரல்கள்.

புதுக் கடைக்குத் தளம் போடும்போது, பழையபடி துளை விடவா என்று மேசன் கேட்டார். வேண்டாம் என்றவன் நான்தான்.