வண்டியில் ஏறாமல் போட்ட ஓட்டு

எலெக்ஷன் அன்று ஆண்டை எங்கள் சேரிக்கு மாட்டுவண்டி அனுப்பினார். ஏறிப் போகிறவர்கள் அவர் சொன்ன பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு அதே வண்டியில் திரும்ப வேண்டும். போன தடவை நானும் அப்படித்தான் போய்வந்தேன். இந்தத் தடவை வண்டியைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. பதினான்கு வயது மகளை இழுத்துக்கொண்டு உத்திரமேரூருக்கு நடந்தேன். அம்மா யாருக்கும் பயப்படாதவள் என்று அவள் கண்ணால் பார்க்கட்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஏரிக்கரையில் ஒரு நிமிஷம் நிற்க மனசு வரவில்லை. வண்டி வருகிறதா என்று நாலு தரம் திரும்பிப் பார்த்தேன். பயமா என்று மகள் கேட்டுச் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு நடடி என்றேன்.

ஊருக்குள் போனதும் கோயில் கல்வெட்டைக் காட்டினேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பானையில் ஓலை போட்டு ஆள் எடுத்த ஊர் இது என்று மிஷன் பள்ளியில் படித்தது எனக்குப் பெருமை. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தவர்கள் பேர்தான் பானைக்குள் போகும் என்று இவளுடைய வாத்தியார் சொல்லியிருக்கிறார்.

"அப்ப நம்ம பேரு உள்ளயே போயிருக்காதேம்மா," என்றாள்.

சுருக்கென்றது. "இப்ப லிஸ்ட்ல கீதுடி, வா," என்று விறுவிறுவென்று நடந்தேன்.

அவளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். தட்டி மறைப்புக்குள் வேட்பாளருக்கு ஒன்றாகச் சின்னம் ஒட்டிய பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஆண்டை சொன்ன பெட்டியைத் தாண்டி, நான் நினைத்திருந்த பெட்டியிலேயே போட்டேன். அப்பாடா என்று இருந்தது.

வெளியே வந்தால் ஆண்டையின் ஆள் என் மகளுக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

"இன்னாமே, எதுல போட்ட?"

மறுநாள் களையெடுப்புக்கு அவன்தான் ஆள் கூப்பிட வேண்டும். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஆண்டை சொன்னதுலதாங்க."

திரும்பும்போது மகள் என்னோடு சேர்ந்து வரவில்லை. பத்தடி முன்னால் போனாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, மாற்றித்தான் போட்டேன், கர்த்தர்மேல் சத்தியம் என்றேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அவன்கிட்ட ஒண்ணு சொன்ன, என்கிட்ட ஒண்ணு சொல்ற. எதைம்மா நம்பறது?"

சீட்டு பெட்டிக்குள் கிடந்தது. எனக்கு வேறு சாட்சி இல்லை.