இடப்பக்கம் சாய்ந்த தலை

திங்கள், காலை: மாடிப்படி இறங்குகையில் ஒவ்வொரு படியும் மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடினால் ஒன்று.

செவ்வாய்: காந்திபுரத்தில் கண் மருத்துவரைப் பார்த்தேன். தலையை வலப்பக்கம் சாய்க்கச் சொன்னார், பிம்பங்கள் விலகின. இடப்பக்கம், ஒன்றாயின.

புதன்: பழைய ஆல்பத்துடன் மறுபடி போனேன்.

குறிப்பு இவ்வளவுதான். ஆல்பம் எதற்கு என்கிறீர்களா?

மருத்துவர் அன்னூர்க்காரர், என் மகள் வயதிருக்கும். “ஏனுங்க சார், தலை எப்பவுமே இடப்பக்கம் சாஞ்சுதான் இருக்குமுங்களா?”

“இல்லை. நேராகத்தான் இருக்கும்.”

“இப்பவே சாஞ்சுதானுங்க இருக்குது.”

வலது விழியை அசைக்கும் ஒரு தசைக்குப் போகும் நரம்பு பலவீனமாம். “புதுசா வந்ததுன்னா மூளைய ஸ்கேன் பண்ணோணும். பொறந்ததுல இருந்தே இருந்தா பயமில்லீங்க. இத்தன வருசம் தலையைச் சாய்ச்சே சமாளிச்சிருப்பீங்க; வயசானதும் முடியாமப் போயிருக்கும். ஊட்டுக்காரம்மாவக் கேட்டாத் தெரியுமுங்க.”

“என் மனைவி போன தை மாதம் காலமானார்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “பழைய போட்டோ இருந்தா கொண்டு வாங்க சார்.”

ஆல்பம் இருந்த பீரோவைத் தைக்குப் பிறகு நான் திறந்ததில்லை. திறந்தேன்.

மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். கல்லூரிக் குழுப் படம் – சாய்ந்த தலை. கல்யாணப் படம் – சாய்ந்த தலை. “பழசுதானுங்க. ஸ்கேன் வேண்டாம்.”

பெருமூச்சு விட்டேன். அவர் படத்தை விடவில்லை. “அம்மாவுக்கும் சாஞ்சிருக்குதுங்களே?”

என் இடப்புறம் நிற்கும் மனைவி கமலா, தலையை என் பக்கம் சாய்த்திருந்தாள். பழனியில், ஊட்டியில், மகள் கல்யாணத்தில்... எல்லாவற்றிலும். தன் தங்கைகளோடு நிற்கும் படங்களில் மட்டும் நேராக இருந்தாள்.

“உங்ககூட நிக்கறப்ப மட்டும்தானுங்க சார்.”

“ஸ்டுடியோக்காரர் சொல்லியிருப்பார்.”

“நாப்பது வருசமா எல்லா ஸ்டுடியோக்காரருமா?”

ஆல்பத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஒருவர் தலை மட்டும் சாய்ந்தால் கோணல். இருவர் தலையும் சாய்ந்தால்... அன்னியோன்னியமான தம்பதி. பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

நம் குறையை மருத்துவர்தான் கண்டுபிடிக்கிறார் என்று நினைக்கிறோம். கூட வாழ்கிறவர் என்றோ கண்டுபிடித்து, பேசாமல் இருந்திருக்கிறார்.

செய்யாமல் நிற்பவை:

இரண்டு பிம்பங்களையும் ஒன்றாக்கும் பிரிஸம் கண்ணாடிக்கு அளவு கொடுக்கவில்லை.

அது போதாவிட்டால் தசையில் ஆபரேஷன், சம்மதம் சொல்லவில்லை.

கழுத்து வலிக்கிறதா என்று கமலாவை ஒருமுறையும் கேட்கவில்லை.