வேலியோரத்து ஹார்ஸ்ராடிஷ்

வாடகை வீட்டில் எதை நட்டாலும் எழுதிக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் மூன்று வாரத்துக்குள் பதில் தர வேண்டும். இது இந்த நாட்டு விதி. ஏவன்டேல் என்ற எங்கள் புறநகரில் என் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஆகஸ்டில் கேட்டார். பதில் வரவில்லை. வேலியோரம் ஹார்ஸ்ராடிஷ் என்ற, கடுகுபோல் காரமான கிழங்குச் செடியின் வேரை நட்டுவிட்டார்.

"ஒரு துண்டு மிஞ்சினாலும் மறுபடி முளைக்கும்மா. பதில் வரட்டுமே," என்றேன்.

"காய்ச்சலுக்குப் பிறகு இவருக்கு ஒரு மணமும் தெரியுதில்லை, ஐயா. சோறு இறங்குதில்லை. இது ஒண்டுதான் மூக்கில ஏறுது. நீங்கள் திரும்ப எழுதிக் கேளுங்கோ, நான் தண்ணி ஊத்துறன்."

வீட்டுக்காரருக்கு அனுப்ப மூன்று நினைவூட்டல்கள் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஜூனில் முதல் வேரைத் தோண்டினார். கண் எரியாமலிருக்க நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பின்வாசல் படியில் உட்கார்ந்துதான் துருவுவார். தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்துச் சம்பல். கணவர் தும்மிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டது வேலிக்கு இப்பால் எனக்கே கேட்டது.

விதியை மீறிய அந்தப் பெண்மணிமேல் எனக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று இன்னும் விளங்கவில்லை. செடி நட அனுமதி இல்லை என்று வீட்டுக்காரரிடமிருந்து ஒருவழியாகப் பதில் வந்தது. நட்டதைப் பிடுங்கச் சொல்லி அதில் ஒரு வரியும் இல்லை. இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். மூன்று வாரத்தில் வரவேண்டிய பதிலுக்குப் பத்து மாதம் கழித்துத் தேதி, ஜூன் இருபத்தெட்டு.