சித்தியைத் திருடியாக்கிய கதை

எட்டாம் வகுப்பில் எனக்கு மர்மக் கதை எழுதும் கிறுக்குப் பிடித்தது. தமிழ் டீச்சர்தான் காரணம். "மர்மக் கதை எழுதணும்னா மொதல்ல சந்தேகப்படப் பழகுங்க. சும்மா யாரையும் நம்பிடாதீங்க" என்று வகுப்பில் சொன்னார். மற்றவர்கள் மறந்துபோனார்கள். நான் அன்று மாலையே ஒரு புதுக் கொப்பியை எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயம் முழுவதையும் சந்தேகப்படத் தொடங்கினேன்.

என் அதிர்ஷ்டம், எங்கள் வீட்டிலேயே சாமான்கள் காணாமல் போயின. முதலில் அம்மாவின் பூப்போட்ட நீலக் கவுன். அடுத்து தலை துவட்ட வாங்கிய ஒரு புதுத் துவாய். பிறகு நானும் தம்பியும் பள்ளிக்கூட விழாவில் எடுத்துக்கொண்ட படம். அம்மாவிடம் கேட்டால், "எங்கயாச்சும் கெடக்கும், போ" என்றாள். ஓர் ஊசி தொலைந்தாலே வீட்டைத் தலைகீழாக்குகிறவள். அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

எனக்குச் சித்தியின் மேல்தான் சந்தேகம். அம்மாவின் தங்கை; பக்கத்துக் காம்பராவில் இருந்தாள். இருவரும் ஒன்றாகக் கொழுந்து பறிக்கப் போய் ஒன்றாகத் திரும்புவார்கள். கொஞ்ச நாளாக அடுப்படியில் குசுகுசுவென்று பேசினார்கள். நான் நுழைந்ததும் சித்தி, "மழ விட்டிருச்சா?" என்று கேட்பாள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்கடியில் ஒரு பெரிய பயணப் பை. பாதி திறந்திருந்த அதன் வாயில் நீலத் துணி தெரிந்தது. அம்மாவின் கவுன்.

எல்லார் முன்னாலும் வைத்துத்தான் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். மறுநாள் பீலியடியில் பெண்கள் தண்ணீருக்கு வரிசையாக நின்றபோது சத்தமாகச் சொன்னேன்: "எங்க வீட்டுச் சாமானத் திருடுறது சித்திதான். அவங்க கட்டிலுக்கடியில இருக்கு. நானே பாத்தேன்."

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து, நிறைந்து வழிந்துகொண்டிருந்த குடத்தையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி இது, சொந்த அக்கா வீட்டுலயா?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"ஆசப்பட்டு எடுத்துட்டேன். குடுத்துர்றேன்" என்றாள் சித்தி.

மாலையில் கவுனும் துவாயும் படமும் வீடு திரும்பின. அம்மா என்னை அடிக்கவும் இல்லை, என்னோடு பேசவும் இல்லை. நான் பெருமையோடு கதையை எழுதி முடித்து டீச்சரிடம் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா இல்லை. வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் புறப்பட்டுவிட்டாள். ஹட்டனில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "நீங்க அழுதா அவளால போக முடியாது. அதான் சொல்லல" என்றார். கவுன், துவாய், படம் எதுவும் மறுபடி வீட்டில் இல்லை. சித்தியின் கட்டிலுக்கடியில் இருந்த பையும் இல்லை. அவளுக்கு எல்லாமே முன்பே தெரிந்திருந்தது.

கோபப்பட அம்மா அங்கே இல்லை, சித்தி இருந்தாள். எங்களுக்குச் சமைத்ததும் காலையில் என் தலையைப் பின்னிவிட்டதும் அவள்தான். ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை. ஒருநாள் பாதிப் பின்னலில் அவள் கை நின்றது. திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். திருடி என்று சொன்னதற்காகத்தான் இன்னும் அழுகிறாள் என்று நினைத்து, "மன்னிச்சிருங்க சித்தி" என்றேன். அவள் என் தலையை முன்பக்கம் திருப்பிவிட்டுப் பின்னலை முடித்தாள்.

அவளுடைய அக்காவும்தான் போய்விட்டாள் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.