ஆறு தரம் அலச வேண்டிய குப்பிகள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒஸ்லோவில் ஒரு ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குப்பிகள் கழுவுவது என் வேலை. அங்கே தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி மத்தியதரைக் கடல் பக்கத்து மூலிகைகளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். இலைச் சாற்றைக் குப்பியில் கரைத்து, மணல் ஈ கடித்து வரும் புண்நோயின் கிருமிகள்மேல் சொட்டுவிட்டு, அவை சாகின்றனவா என்று பார்ப்பாள். ஒன்றரை வருடமாக எதுவும் சாகவில்லை. கோடை முடிவதற்குள் ஒரு மூலிகையாவது பலன் தராவிட்டால் வேலையும் விசாவும் போய்விடும் என்று சொல்லியிருந்தாள்.

குப்பிகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஆறு தரம் அலச வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தண்ணீர் வரும் குழாயின் முன்னால் ஏழெட்டுப் பேர் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். விலகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மொழி தெரியாமல் இல்லை. திரும்பி வந்து, சாதாரணத் தண்ணீரில் ஒரு தரம் அலசி அடுக்கிவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் ஓடி வந்தாள்.

“அண்ணா! செத்துப்போச்சு! அந்தக் கிரேக்கத்து இலை, பிசுபிசுன்னு ஒட்டுமே, அதுல அத்தனையும் செத்துப்போச்சு!”

“நல்லது பிள்ளை.”

“அவ்வளவுதானா? நோர்வேக்காரங்க மாதிரியே ஆயிட்டீங்க. ஒரு சிரிப்பாவது சிரிங்கண்ணா!”

சிரித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதே இலையைப் புதிதாக வாங்கிய குப்பிகளில் கரைத்துப் பார்த்தபோது ஒன்றும் சாகவில்லை. இன்னொரு முறையும் அப்படியே. அவள் என்னிடம் வந்தாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. அந்தக் குப்பியெல்லாம் ஆறு தடவ அலசினதுதானே? சோப்பு ஒட்டியிருந்தாலே அதுங்க செத்துடும்.”

அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது.

“ஓம், ஆறு தரம்தான்” என்றேன்.

“தெரியும். அப்ப இலைலதான் ஏதோ இருக்கு.”

மிச்சமிருந்த இரண்டு மாதமும் அவள் அந்த இலையிலேயே தேடினாள். நிழலில் காய்ந்தது, வெயிலில் காய்ந்தது, பூக்கும் முன் பறித்தது என்று திரும்பத் திரும்ப வரவழைத்தாள். சோதிக்காத வேறு மூலிகைகள் ஒரு பெட்டி நிறைய அப்படியே கிடந்தன. ஒவ்வொரு காலையும் வேலைக்கு வர, நான் குடியிருக்கும் ஸ்டோவ்னரில் ரயில் ஏறும்போது, சொல்ல வேண்டிய ஒரு வரியை மனதுக்குள் சரிசெய்துகொள்வேன். அவளைக் கண்டதும் குப்பிகளை எடுத்துக் கழுவத் தொடங்குவேன்.

கடைசி நாள் விடைபெற வந்தாள். “இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா பிடிச்சிருப்பேண்ணா” என்றாள். நான் தலையாட்டினேன்.

அந்த இலையில் ஒன்றும் இல்லை. அவளுடைய விலாசம் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் இதை அனுப்பியிருப்பேன் என்று சொல்ல முடியாது.

17 கார்த்திகை 2024