தூக்கிய கைகளை நம்பாத வாசுகி டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாசுகி டீச்சரின் படம் வந்தது. அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் நம்பவில்லை. போன வருடம் இதே குழு ஒருவருக்கு இரங்கல் தெரிவித்தபோது, அவரே "நான் இன்னும் இருக்கேன்லா" என்று பதில் எழுதினார். அதனால் டீச்சரின் எண்ணுக்கே அழைத்தேன். அவருடைய தம்பி எடுத்தார். "உண்மைதாண்ணே. விடியக்காலையில போயிட்டாங்க" என்றார்.

இறுதிச் சடங்கிற்கு வந்திருந்த உங்களில் பலர், அவர் கோபமே படாதவர் என்றீர்கள். சாவு வீட்டில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பதில்களை டீச்சர் எந்தக் கணக்கிலும் சேர்த்திருக்க மாட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்திருக்கிறேன். காரணமும் நான்தான்.

ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அப்போது நான் துணைத் தலைமையாசிரியர். கட்டொழுங்கும் என் பொறுப்பு. அவர் ஐந்தாம் ஆண்டுக்குக் கணிதம் எடுத்தார். தரவு சேகரிக்கும் பாடம் வந்தால் நாங்கள் எல்லாம் பிடித்த பழம், பிடித்த நிறம் என்று கேட்டு, பலகையில் பட்டை வரைந்து முடித்துவிடுவோம். அவர், "இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். நாசி லெமாக்குக்குக் கைகள் உயர்ந்தன, ரொட்டி சானாய்க்கு உயர்ந்தன, தோசைக்கும் உயர்ந்தன. ஒன்றும் சாப்பிடாதவர்கள் யார் என்று கேட்டதற்கு ஒரு கையும் எழவில்லை.

அன்று ஆசிரியர் அறையில் அவர் என்னிடம் சொன்னார்: "பத்து மணிக்கு மேசையில தலைய சாய்ச்சுக்கிற பிள்ளையும் தோசைக்குக் கை தூக்குது சார். பக்கத்துல உள்ளவன் பார்க்கிறப்ப கேட்டா, அவனுக்குப் பிடிச்ச பதில்தான் வரும்."

மறுநாள் அதே கேள்விக்கு, பெயர் எழுதாமல் சீட்டில் பதில் கேட்டார். தன்னைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள் என்று வாக்கும் கொடுத்தார். நான் அந்தப் பக்கமாகச் சென்றபோது, பிள்ளைகள் கையால் மறைத்துக்கொண்டு எழுதுவதையும், மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போடுவதையும் பார்த்தேன். என்னைக் கண்டதும் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அது போதும். பிள்ளைகளைத் திட்டுவதில் என் வாய் அப்போது சற்று நீளம். டீச்சர் அவர்களிடம் என்னைப் பற்றிப் புகார் சேர்க்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மதியம் ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரத்தில் டின்னைத் திறந்தேன். "சாப்பிடல." "தே ஓ குடிச்சேன், அவ்வளவுதான்." "அம்மா அஞ்சு மணிக்கே ஃபேக்டரி பஸ் ஏறிடுவாங்க." ஒரு சீட்டில், "இருந்த ரொட்டிய தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்." என் பெயர் எதிலும் இல்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக எல்லாவற்றையும் உள்ளே திணித்தேன். அந்தக் கடைசிச் சீட்டு என் கையிலேயே தங்கி, சட்டைப் பைக்குள் போய்விட்டது.

இருபத்தாறு பிள்ளைகள், இருபத்தைந்து சீட்டுகள். டீச்சர் இரண்டு தடவை எண்ணினார். எதையும் மூடி மறைக்கவில்லை, நேராக வகுப்புக்குப் போய், "யாரோ திறந்துட்டாங்க. என் தப்பு, பூட்டி வைக்கல" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, மறுபடியும் சீட்டுக் கொடுத்தார். இந்த முறை இருபத்தாறும் வந்தன. அவற்றைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"பாருங்க சார். எல்லாரும் வயிறு நிறைய சாப்பிட்டாங்களாம். ஒரே நாள்ல."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவருக்குச் சந்தேகம் இருந்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் அந்தச் சீட்டை அவரிடம் நீட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "என்கிட்ட குடுத்து என்னா பண்றது? அது என் சீட்டா? அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார்.

போய்ச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை, "ஏன் சார் திறந்தீங்க?" என்று கேட்டாள். என்னைப் பற்றி எழுதியிருப்பீர்களோ என்ற சந்தேகம் என்றேன். "உங்களப் பத்தி எழுத என்னா சார் இருக்கு?" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் அவர் மறுபடியும் கேட்டார். அதற்கு முன் கேட்டால் உண்மை வராது என்றார். இம்முறை பதினொரு பேர் சாப்பிடாமல் வந்திருந்தார்கள். அவர் எண்ணிச் சொல்ல, பிள்ளைகளே பட்டை வரைந்தார்கள். தலைமையாசிரியரிடம் அந்த வரைபடம் மட்டும் போனது. அந்தப் பதினொரு பேருக்குக் கேண்டீனில் ரொட்டியும் முட்டையும் கொடுக்கலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "முழு வகுப்புக்கும் குடுங்க சார். பசிச்சவன் மட்டும் வரிசையில நின்னா, நாளைக்கு எவனுக்கும் பசிக்காது." பெற்றோர் ஆசிரியர் சங்கம் கொஞ்சம் முணுமுணுத்தது. ஆனால் டீச்சர் சொன்னபடியே நடந்தது.

அதன் பிறகும் என்னிடம் அவர் முகம் கொடுத்துப் பேசப் பல மாதங்கள் ஆயின. அதில் எனக்கு மனக்குறை இல்லை.

போன மாதம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். கட்டிலைச் சுற்றி உறவினர்கள். தாதி வந்து, வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார். "ரெண்டு" என்றார் டீச்சர். தம்பியின் முகம் தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் காப்பி குடிக்கக் கீழே போனார்கள். நான் மட்டும் இருந்தேன். என்னால் அந்த இரண்டை நம்ப முடியவில்லை.

"எவ்வளவு டீச்சர்?" என்றேன்.

கதவைப் பார்த்தார். பிறகு, "எட்டு சார்" என்றார்.

"தாதிகிட்ட சொல்லட்டா?"

"சொல்லுங்க. தம்பி முன்னால வேணாம்."

சொன்னேன். ஊசி போட்டார்கள். தம்பி திரும்பி வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு நினைவு இருக்கும். என்னிடம் இருப்பது அந்த எட்டு. ஒரு காலத்தில் நான் நம்பத் தகாதவன் என்று அறிந்தவர், கடைசியில் உண்மையான பதிலை என்னிடம் சொன்னார்.